நடு நாற்காலி

நிறுத்தி வச்சாச்சு, இனி அது கேக்காது, கேக்கக் கூடாது, ஆனா கேக்குதே, என்ன பண்ண. திரையில அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுல உக்காந்து, வாயப் பாதி திறந்தபடி அப்படியே உறைஞ்சு நிக்கிறா. உள்ள புருஷன் செத்துட்டான்னு இப்பத்தான் நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போனா, இவ அழப் போறதில்ல, ஒரே ஒரு மூச்சு இழுக்கப் போறா, இழுத்து வெளிய விடாம வச்சுக்கப் போறா. அந்த மூச்சுக்காகத்தான் டைரக்டர் பரணிதரன் சார் இந்த சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னுட்டாரு, வராந்தாவும் இவ மூச்சும் போதும்னாரு. போதும்தான். ஆனா அந்த வராந்தாவுல இவ தலைக்கு மேல எரியிற லைட்டுல இருந்து ஒரு கீச்சு வருது. ஊசியக் காதுக்குள்ள மெல்ல விடுற மாதிரி, சன்னமா, விடாம. சீன் ஆரம்பிக்கும்போது ஆரம்பிக்குது, முடியும்போதுதான் முடியுது. காலையில இருந்து திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் நான் திரையப் பாக்கல, இந்தப் படத்துக்குச் சவுண்டு மிக்ஸ் பண்ற பல்கீஸ் அக்கா முகத்தத்தான் பாத்தேன். அக்கா கண்ண மூடிக்கிட்டு, நாடிய லேசாத் தூக்கிக்கிட்டு, எப்பவும் கேக்குற மாதிரிதான் கேட்டாங்க. அப்புறம் கண்ணத் திறந்து, சுத்தமா இருக்குடி ஆவுடை, எதையும் தொடாத, டைரக்டர் வந்து கேக்கட்டும்னு சொல்லிட்டு, மதிய லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மேல போயிட்டாங்க. நான் டிபன் பாக்ஸக் கூடத் திறக்காம இங்கயே உக்காந்திருக்கேன். சுத்தமா இருக்காம்.

இன்னைக்கு ஆரம்பிச்சது இல்ல இது. போன படத்துலயே வசனமெல்லாம் கூர் கூராக் கேக்க ஆரம்பிச்சுது, ‘ச’வும் ‘ஸ’வும் காதக் கிழிச்சுது, நான் அது அக்காவோட புது டேஸ்ட்டுன்னு நினைச்சேன், இல்ல நினைச்சுக்கிட்டேன். அக்கா வீட்டுக்குப் போனதும் கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா, அதை இறக்கி வச்சேன். மறுநாள் காலையில அக்கா வந்து கேட்டுட்டு, என்னடி இது, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு ஏத்தினாங்க. சாயங்காலம் நான் இறக்கினேன். காலையில அவங்க முன்ன விட ஒரு படி கூட ஏத்தினாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம ஒரே கயித்த ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்தோம், அதுல ஒருத்திக்கு எதிர்ல ஆள் இருக்குன்னே தெரியாது. அப்புறம் ஒருநாள் அக்கா ஸ்பீக்கரச் சந்தேகப்பட்டாங்க. ட்வீட்டர் போயிருச்சுன்னு ஆள வரச் சொன்னாங்க. ட்வீட்டர்னா ஸ்பீக்கர்ல மெல்லிசான சத்தத்தை எல்லாம் கொண்டு வர்ற சின்னப் பகுதி. அவரு வந்து கழட்டி, அளந்து, மாட்டி, ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்லியே மேடம்னாரு. இருந்தாலும் மாத்துங்கன்னாங்க அக்கா. புதுசு மாட்டிக் கேட்டுப் பாத்துட்டு, ம், இப்பக் கொஞ்சம் பரவால்லன்னாங்க. அந்த ஆள் என்னப் பாத்தாரு, நான் என் கம்ப்யூட்டரப் பாத்தேன். வேலை செய்யிற மாதிரி சும்மா மவுஸ உருட்டிக்கிட்டு இருந்தேன், வேற எங்க பாக்குறதுன்னு தெரியல.

அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். எங்க அப்பா சங்கரன்கோயில்ல விசைத்தறிச் செட்டுல ஓட்டுனவரு, எங்க தெருவுல முக்காவாசிப் பேரு அதான். அந்தத் தறிச் சத்தத்துல எங்க ஊர்ல யாரும் மெதுவாப் பேச மாட்டாங்க, காதல் சொல்றவன் கூடக் கத்தித்தான் சொல்லணும். அப்பாவுக்குக் காது போயிருச்சுன்னு எங்க வீட்டுல ஒருநாளும் யாரும் சொன்னதில்ல. அம்மா எதையும் ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாச் சொல்லுவா, அவ்வளவுதான். அப்பா எல்லாத்துக்கும் ‘ம்’ போடுவாரு. சோறு போடவான்னாலும் ‘ம்’, அந்தக் கடன்காரன் வந்தான்னாலும் ‘ம்’. எல்லாரும் சிரிச்சு முடிக்கிற நேரத்துல அவரு சிரிக்க ஆரம்பிப்பாரு. பேசுறவங்க வாயையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் பாலிடெக்னிக் முடிச்சு, மெட்ராஸுக்கு சவுண்டு வேலைக்குப் போறேன்னப்போ, அம்மா ஏட்டி உனக்கென்ன கிறுக்கா, பொட்டப்புள்ளைய எவன் அந்த வேலைக்கு வைப்பான்னு குதிச்சா. அப்பா ‘ம்’னாரு. அனுப்பி வச்சுட்டாருன்னு நானும் பஸ் ஏறிட்டேன். அவருக்கு நான் சொன்னது கேட்டுச்சா இல்லியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப அக்கா என் வாயப் பாக்குறாங்க. முன்னயெல்லாம் திரும்பாமலே பதில் சொல்லுவாங்க, இப்ப நான் பேசும்போது நாற்காலியத் திருப்பிக்கிறாங்க. போன வாரம் டீக்கடையில ஏதோ ஜோக்கு, அக்கா கடைசியாச் சிரிச்சாங்க. நான் டீய அப்படியே கீழ வச்சுட்டேன்.

வேற யாருக்காவது வந்திருந்தா இது ஒரு விஷயமே இல்ல, அதுதான் ஆத்திரம். அடுத்த மிக்ஸிங் தியேட்டர்ல லோகநாதன் சார் இருக்காரே, அவருக்கு என்ன கேக்குது? அறுபதத் தாண்டியாச்சு. அவரு மிக்ஸ் பண்ணுன படம் பாத்துட்டு வந்தா தலைவலி மாத்திரை போடணும், அவ்வளவு கூரு. அதை அவரு ஸ்டைலுங்கிறாங்க. லோகு சார் சவுண்டுன்னு பேட்டி எடுக்குறாங்க. அவரு வீட்டுக்குப் போனதும் அவரோட அசிஸ்டென்ட் பையன்கள் உக்காந்து எல்லாத்தையும் இறக்கி வைக்கிறது இந்த பில்டிங்குக்கே தெரியும், யாரும் பேச மாட்டாங்க, பெரிய மனுஷனுக்குச் செய்யிற மரியாதை அது. இதே லோகநாதன் சார்தான், பொம்பளைங்க காதுக்கு கனத்த அடிச் சத்தம் ஏறாதும்மான்னு அக்காகிட்ட மூஞ்சிக்கு நேரா சொன்னவரு. அக்காவுக்கு மொதல் வருஷம் முழுக்க டிவி சமையல் நிகழ்ச்சிதானாம், கடுகு தாளிக்கிற சத்தத்தை மட்டும் நம்பிக் குடுத்தாங்கன்னு சொல்லிச் சிரிப்பாங்க. கடுகுல ஆரம்பிச்சு இந்த நடு நாற்காலிக்கு வந்தவங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, திரைக்கு நேரா, எல்லாச் சத்தமும் வந்து சரியாச் சேர்ற எடத்துல போட்டிருக்குற நாற்காலி. அதுல மிக்ஸ் பண்றவங்க மட்டும்தான் உக்காரலாம். கூட்டிப் பெருக்குற மல்லிகாக்கா கூட அதைத் தள்ளி விட்டுத்தான் பெருக்குவாங்க, ஒரு துணி மேல வைக்க மாட்டாங்க. அக்கா இல்லாதப்பவும் நான் இந்த ஓர நாற்காலியில இருந்துதான் கையை நீட்டி இறக்கி வைப்பேன். இப்ப அக்காவுக்குக் காது கேக்கலன்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதும். வயசாச்சுன்னு சொல்ல மாட்டாங்க. நான்தான் அப்பவே சொன்னேன்லன்னு சொல்லுவாங்க. பொம்பளைக் காதுன்னு சொல்லுவாங்க. அக்காவோட அது நிக்காது, எனக்கும் வரும், அப்புறம் வரப்போற எவளோ ஒருத்திக்கும் வரும்.

ஆனா சொல்லாம இருக்குறதுக்கா அக்கா என்னை வளத்தாங்க? மொத நாள் வந்தப்போ வாட்ச்மேன் என்னை டப்பிங் குரல் குடுக்க வந்தவள்னு மாடிக்கு அனுப்பிட்டாரு. தப்பித் தவறி கீழ வந்து சேந்தா, அக்கா எதுவும் கேக்கல, படிப்பென்ன ஊரென்னன்னு கூடக் கேக்கல. ஒரு ஆளில்லாத ரூமோட சத்தத்த ஓட்டிக் காட்டி, என்ன கேட்டுச்சுன்னாங்க. ஒண்ணுமில்ல மேடம்னேன். ஒண்ணுமில்லன்னு ஒரு சத்தம் கிடையாது, மறுபடி கேளுன்னாங்க. கேட்டேன். ஃபேன் சுத்துற மாதிரி இருக்குன்னு முனகினேன். மாதிரி என்ன மாதிரி, சுத்துதா இல்லியா? சுத்துது மேடம். அப்புறம்? தூரத்துல பஸ்ஸு. அப்புறம்? யாரோ கண்ணாடி வளையல் போட்டிருக்காங்க. அக்கா சிரிச்சாங்க, அது நான்தான்டின்னாங்க. ரெக்கார்டு பண்ணும்போது அவங்க கையில கிடந்த வளையல். வருஷக்கணக்கா யாருமே அதைக் கண்டுபிடிக்கலையாம். அன்னைக்கே என்னை வேலைக்கு எடுத்துட்டாங்க. அப்புறம் எத்தனையோ பேரு முன்னாடி, ஹீரோ முன்னாடி, ப்ரொட்யூசர் முன்னாடி, நான் வாயத் திறக்கப் பயந்து அக்கா காதுல கிசுகிசுத்தா, அக்கா எடுத்துச் சொல்ல மாட்டாங்க. அவகிட்ட கேளுங்க, அவதான் கேட்டான்னு என்னைப் பிடிச்சு முன்னால தள்ளி விட்டுருவாங்க. எனக்குக் கோவம் கோவமா வரும், பாவி மனுஷி இப்படி மாட்டி விடுறாங்களேன்னு. சொல்லி முடிச்சதும் பாத்தா உசுரோட இருப்பேன். அப்படித்தான் எனக்கு வாய் வந்துச்சு. இன்னைக்கு அந்த வாயத்தான் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லா இருக்குடி ஆவுடை உன் நன்றி.

தொடாதன்னாங்க, தொட்டுப் பாத்துட்டேன். இப்பத்தான், அவங்க படியேறின சத்தம் அடங்கினதும். ஃபில்டரப் போட்டு அந்தக் கீச்ச வெட்டினேன், போயிருச்சு, ஆனா இவ மூச்சோட நுனியும் கூடப் போயிருச்சு. அந்த மூச்சு உள்ள போகும்போது பல்லுல உரசி ஒரு சின்ன ‘ஸ்’ வருது, அதுலதான் எல்லாமே இருக்கு, அது இல்லன்னா இவ சும்மா கொட்டாவி விடப் போறவ மாதிரி இருக்கா. மூச்சு வர்ற எடத்துல மட்டும் ஃபில்டரக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கி, முடிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமாச் சேக்கணும், அதைக் கண்ணால பாத்துச் செய்ய முடியாது, நடுவுல உக்காந்து ஒவ்வொரு அடியாக் கேட்டுக் கேட்டுச் செய்யணும். அக்கா அதுல ராணி. எங்க விலக்கணும், எவ்வளவு விடணும்னு அக்கா கைக்குத் தெரியும். கைக்குத் தெரியும், காதுக்குத்தான்... சீ, என்ன நினைப்பு இது. எல்லாத்தையும் பழையபடி வச்சுட்டேன். அக்கா இறங்கி வந்ததும் சொல்லிர வேண்டியதுதான். அக்கா, ஒரு கீச்சு இருக்கு. அவ்வளவுதான், பெரிய மலையா. எங்கடி, எனக்குக் கேக்கலையேன்னா? கேட்டுப் பாருங்கக்கான்னு ஓட்டணும். ஓட்டினா அவங்க கண்ண மூடி, நாடியத் தூக்கி, வராத ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க, அந்த முகத்த நான் பாக்கணும். பின்னால ஒருநாள் நானா அப்பாவைக் காது டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ ஒரு கூண்டுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டாக் கையத் தூக்குங்கன்னாங்க. அப்பா கையத் தூக்கவே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னையே பாத்தாரு, எப்பம்மா ஆரம்பிப்பாங்கங்கிற மாதிரி. வேண்டாம்மா. அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது. பேசாம டைரக்டருக்கும் கேக்காமப் போயிட்டா என்ன? மாரியம்மா, அந்த ஆளுக்கு மட்டும் இன்னைக்கு ஒரு ஜலதோஷத்தக் குடு. அப்புறம் தியேட்டர்ல? எட்டு வயசுப் புள்ளை கூட, அம்மா என்ன சத்தம்னு காதப் பொத்தும். போஸ்டர்ல அக்கா பேரு இருக்கும்.

படியில செருப்புச் சத்தம். அக்காதான், இடது காலக் கொஞ்சம் இழுத்து வைப்பாங்க. கதவத் திறந்துக்கிட்டு ரெண்டு கிளாஸ் டீயோட வந்து, சாப்பிடலியாடின்னு அதட்டினாங்க. பசிக்கலக்கான்னேன். முகத்துல இன்னும் தொழுகைக்கு முன்னால கழுவி ஒளுச் செஞ்ச ஈரம், நெத்தியோரம் நரை. நல்லா சந்தோஷமா இருந்தாங்க. அடையாறு காலேஜுல இருந்து ஃபோனாம், சினிமா படிக்கிற பொண்ணுங்களுக்கு வந்து பேசணுமாம், தைரியமா எப்படி நிக்கிறதுன்னு. நான் என்னத்தப் பேச, ஆவுடை கதையச் சொல்லிட்டு வந்துர்றேன், ஃபேன் சுத்துற மாதிரி இருக்குன்னு முனகின கழுதை இன்னைக்கு டைரக்டரயே மிரட்டுறான்னு சொல்லிட்டு வந்துர்றேன்னு சிரிச்சாங்க. இப்பச் சொல்லு, இப்பச் சொல்லிருன்னு நெஞ்சு அடிச்சுக்குது. அக்கான்னு ஆரம்பிச்சேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பி டீயக் கீழ வச்சுக்கிட்டு இருந்தாங்க, திரும்பல. என் குரல் சின்னது, அதான். அதான்னு சொல்லிக்கிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடறதுக்குள்ள பரணிதரன் சார் வந்துட்டாரு, கூடவே லோகநாதன் சாரும், சும்மா எட்டிப் பாக்க வந்தேன் பல்கீஸ்னு. பின்னால சோபாவுல ரெண்டு பேரும் உக்காந்தாங்க. அக்கா நடு நாற்காலியில உக்காந்து எனக்குத் தலையாட்டினாங்க. ஓட்டினேன். வேற என்ன செய்ய.

வராந்தா வந்துச்சு, கீச்சும் வந்துச்சு. நர்ஸ் போனா. மூச்சு வந்துச்சு. நான் கட்டை விரல உள்ளங்கையில வச்சு நசுக்கிக்கிட்டு இருந்தேன். சீன் முடிஞ்சதும் லோகநாதன் சார், பிரமாதம், சுத்தமா இருக்குன்னாரு. அவருக்குச் சுத்தம்தான். பரணிதரன் சார் மட்டும் காதக் குடைஞ்சுக்கிட்டு, அக்கா, என்னமோ கீச்சுன்னு வருதே, உங்களுக்குக் கேக்குதான்னாரு. அக்கா திரையப் பாக்கல, ஸ்பீக்கரப் பாக்கல. நாற்காலியத் திருப்பி என்னப் பாத்தாங்க. எத்தனையோ பேரு முன்னாடி என்னைப் பிடிச்சுத் தள்ளி விட்ட பார்வை இல்ல இது. வழி தெரியாத ஊர்ல பஸ் விட்டு இறங்கினவங்க பாக்குற பார்வை. எனக்கு வேற எதுவும் ஓடல. என் தப்பு சார், ஃபில்டர் போட்டு வச்சிருந்தேன், எடுத்துட்டுத் திரும்பப் போட மறந்துட்டேன்னு கடகடன்னு சொல்லிட்டேன். பொய்ய மட்டும் எவ்வளவு கணீர்னு சொல்றேன் பாருங்க. இவ்வளவு முக்கியமான சீன்ல என்னம்மா இதுன்னு அவரு சலிச்சுக்கிட்டாரு. லோகநாதன் சார் லேசாச் சிரிச்சாரு. அக்கா அந்தச் சிரிப்பப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. அப்புறம் சாதாரணமா, மணி என்னன்னு சொல்ற மாதிரிச் சொன்னாங்க.

“அவ எதையும் மறக்க மாட்டா, பரணி. எனக்குத்தான் கேக்கல.”

பரணிதரன் சார் தரையப் பாத்தாரு. லோகநாதன் சாருக்குச் சிரிப்பு போயிருச்சு, எழுந்து, ஒரு வேலை இருக்குன்னு கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போனாரு, போகும்போது கை அவரு காதுப் பக்கம் போச்சு. அக்கா என்கிட்ட, எப்பத்துல இருந்து தெரியும்னாங்க. ட்வீட்டர் மாத்துறதுக்கு முன்னாடி இருந்தேக்கான்னேன், உதட்டப் பாத்துப் புரியட்டும்னு நேராப் பாத்துச் சொன்னேன். அப்ப தினம் இறக்கி வச்சது நீதான்னாங்க. கேள்வியாக் கேக்கல. நான் மிஷினத் திட்டிக்கிட்டு இருந்தேனேடின்னாங்க, சிரிக்கப் பாத்தாங்க, வரல.

“சொல்லியிருக்கலாம்ல. அது ஒண்ணத் தவிர உனக்கு நான் வேற என்னத்தடி சொல்லிக் குடுத்தேன்?”

எனக்கு அழுகை வந்துருச்சு. மரியாதைன்னு நினைச்சேன், பாசம்னு நினைச்சேன். லோகநாதன் சாருக்கு அவரு பையன்கள் செய்யிறதையேதான் நானும் இவங்களுக்குச் செஞ்சிருக்கேன். அக்கா கைப்பிடியில கை ஊன்றி எழுந்தாங்க. நாற்காலிய என் பக்கமாத் தள்ளினாங்க, சக்கரம் உருண்டு வந்து என் முட்டியில இடிச்சுது. உக்காருன்னாங்க. மாட்டேன்னேன். டைரக்டர் காத்துக்கிட்டு இருக்காரு, உக்காருடின்னாங்க. உக்காந்தேன். அவங்க சூடு அதுல இன்னும் இருந்துச்சு. அக்கா என் ஓர நாற்காலிக்குப் போகல, பின்னால சோபாவுக்குப் போனாங்க, வேடிக்கை பாக்க வர்றவங்க உக்கார்ற எடத்துக்கு.

அங்க இருந்தே சொன்னாங்க, மூச்சுக்கு முன்னாடியே விலக ஆரம்பி, மூச்சோட சேந்து விலகாத, தெரிஞ்சுரும்னு. செஞ்சேன். இன்னும் மெதுவான்னாங்க. செஞ்சேன். கேக்காத ஒண்ண எங்க எப்படி வெட்டணும்னு அவ்வளவு சரியாச் சொன்னாங்க. மறுபடி ஓட்டினேன். வராந்தா, பெஞ்சு, நர்ஸ் போற செருப்புச் சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல, அந்த ஒண்ணுமில்லைக்குள்ள இருந்து இவ மூச்சு மட்டும், நுனி குறையாம. பரணிதரன் சார் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. நான் நாற்காலியத் திருப்பிப் பாத்தேன். அக்கா கண்ண மூடல இந்தத் தடவை, என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

“இப்ப சுத்தமா இருக்கா?”

அவங்களுக்குக் காலையில இருந்தே அது சுத்தமாத்தான் இருந்துச்சு. இருக்குக்கான்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், எங்க தெருவுல பேசுற மாதிரி.

“ம்”னாங்க அக்கா.